எலும்பு, அரக்கு, அட்டை

கிரானடாவின் பிளாசா நுவேவா சதுக்கத்திலிருந்து அல்ஹம்ப்ரா கோட்டைக்கு ஏறிப்போகும் குறுகிய தெருவின் பெயர் குவெஸ்தா தெ கொமேரெஸ். ஏற்றம் முடியும் இடத்தில் 16-ஆம் நூற்றாண்டின் வளைவு வாயில் நிற்கிறது. அதன் உச்சியில் கல்லில் செதுக்கிய மூன்று மாதுளம்பழங்கள். கோட்டைக்குப் போகிறவர்கள் அந்த வாயிலையே பார்த்தபடி மூச்சு வாங்க நடக்கிறார்கள். நான் கோட்டையை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டுத் தெருவோரக் கிட்டார் பட்டறைகளைத் தேடி வந்திருந்தேன். ஃபெரர் குடும்பத்தின் பட்டறை இங்கே 1875-இல் தொடங்கியது. அந்த வழியில் தொழில் பழகியவர்கள் இன்று நகரம் முழுக்க இருக்கிறார்கள். தென்ஸ்பெயினுக்கு வருகிறவர்கள் ஃபிளமெங்கோ கேட்க வருவார்கள். எனக்கு அந்தக் குரலை விட, அது எந்தெந்தப் பொருள்களின் வழியாக வெளியே வருகிறது என்பதில்தான் ஆசை.

நான் நுழைந்த பட்டறையில் முதலில் முகத்தில் அடித்தது எலும்பு அறுபடும் வாடை. பல் மருத்துவரிடம் போனவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்கும். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மாட்டின் கால் எலும்பிலிருந்து அறுத்தெடுத்த சிறு கட்டையைப் பிடிகருவியில் இறுக்கி, அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். கால் எலும்புதான் வேண்டும், அதுதான் கெட்டி என்றார். அவருடைய மகள் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார். கசாப்புக் கடையிலிருந்து வந்ததும் வேகவைத்து, மஜ்ஜையை எடுத்து, கொழுப்பு முழுக்க நீங்கும்வரை ஊறவைத்து, பல நாள் உலர்த்த வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் நாளாக நாளாக மஞ்சள் பூக்கும், ஒலியும் மந்தமாகும்.

வீணையில் மேரு என்று சொல்கிறோமே, தண்டியின் தலைப்பக்கம் தந்திகள் ஏறி இறங்கும் அந்தத் தடுப்பு, அதுதான் கிட்டாரிலும் இந்த எலும்புத் துண்டு. அகலம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆறு தந்திகளுக்கு ஆறு பள்ளங்கள். குதிரையின் மேல் இன்னொரு எலும்புத் துண்டு உட்காரும். தந்தியின் அதிர்வு முழுவதும் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. குதிரை மேலிருக்கும் எலும்பு வழியாகத்தான் அது பலகைக்கு இறங்குகிறது. எலும்பு மெத்தென்றிருந்தால் அதிர்வை அதுவே குடித்துவிடும்.

பெரியவர் ஒரு பள்ளத்தை வெட்டியதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். ஊசி போன்ற அரம். இரண்டு இழுப்பு, ஊதித் தூசியைப் போக்குதல், தந்தியை ஏற்றி மீட்டுதல். மீண்டும் ஓர் இழுப்பு. பள்ளத்தின் அடிப்பாகம் தலைப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் தந்தி பள்ளத்தின் முன்விளிம்பில் மட்டும் தொடும். உள்ளே எங்காவது தொட்டால் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் வரும். அவர் அதை எனக்காக வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டினார். அரத்தை ஒருமுறை கூடுதலாக இழுத்துவிட்டால் தந்தி முதல் மெட்டில் உரசும், துண்டு வீண், மறுபடி புதிய எலும்பு. காலையிலிருந்து அவர் முன்னால் இருந்தது இந்த ஒரே துண்டுதான். கிட்டார் விலைப்பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

முன்பு இதே இடத்தில் யானைத் தந்தம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் உயர்ந்த கிட்டார்களில் அதை இன்றும் பார்க்கலாம். தந்த வணிகம் தடைப்பட்ட பிறகு சிலர் சைபீரியாவின் உறைநிலத்தில் கிடைக்கும் மாமூத் தந்தத்துக்குப் போனார்கள். பெரியவரின் இழுப்பறையில் அப்படி ஒரு துண்டு கிடந்தது, தேயிலைச் சாயம் ஏறிய நிறத்தில். யாரோ ஒரு வாடிக்கையாளர் கொடுத்தது, ஒருபோதும் பொருத்தியதில்லை என்றார். எலும்பைவிட அது எதையும் கூடுதலாகச் செய்யவில்லை என்பது அவர் முடிவு.

யானைக்கும் கிட்டாருக்கும் உள்ள உறவு அந்த வெள்ளைத் துண்டோடு நிற்கவில்லை. விரல்பலகை கருங்காலி. இப்போது உலகச் சந்தைக்கு வரும் கருங்காலியில் பெரும்பங்கு கேமரூன் காடுகளுடையது. அந்த மரத்தின் பழத்தைக் காட்டு யானை விழுங்கி, விதையைத் தொலைவில் லத்தியோடு போடுகிறது. லத்திக்குள் புதைந்த விதையைக் கொறிவிலங்குகள் அவ்வளவு எளிதில் தின்பதில்லை. தந்த வேட்டையில் யானைகள் அற்றுப்போன காடுகளில் கருங்காலிக் கன்றுகள் மிகக் கடுமையாகக் குறைந்துவிட்டன என்று கேமரூனில் செய்த ஆய்வு 2025-இல் வெளிவந்தது. ஒரு வாத்தியத்தின் மேருவாகவும் ஆன தந்தத்துக்காக யானையைக் கொன்றதில், அதே வாத்தியத்தின் விரல்பலகைக்கான மரமும் முளைக்காமல் போயிற்று. இதை அந்தப் பட்டறையில் நின்று நினைத்தபோது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது.

கருங்காலி முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இன்னொரு கொடுமை. அமெரிக்கக் கிட்டார் நிறுவனம் ஒன்றை நடத்திய பாப் டெய்லர் 2011-இல் கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் ஒரு கருங்காலி ஆலையைக் கூட்டாக வாங்கினார். அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, வெட்டும் மரங்களில் பத்தில் ஒன்றுதான் முழுக்கறுப்பு, வரி விழுந்த மற்றவற்றைக் காட்டிலேயே விட்டுவருகிறார்கள் என்பது. வரிக் கருங்காலியையும் வாங்கத் தொடங்கினார். உறுதியில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. வெட்டாமல் மரத்தின் உள்நிறத்தை அறிய வழியும் கிடையாது. பெரியவரிடம் இருந்த விரல்பலகைகளில் பாதிக்கு மேல் பழுப்பு வரி ஓடியது. அதை மறைக்கச் சாயம் பூசுவதில்லை என்று மகள் அழுத்தமாகச் சொன்னார்.

அடுப்பின் மேல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு சிறு பாத்திரம். அதற்குள் வச்சிரம். நம் ஊர் ஆசாரிகள் ஒரு காலத்தில் பயன்படுத்திய அதே வச்சிரம்தான், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. சூடு 60 டிகிரி அளவில் நிற்க வேண்டும், கொதித்தால் பிடிமானம் போய்விடும். பெரியவர் தூரிகையை உயர்த்தி, பசை அறுபடாமல் இழைகிறதா என்று சர்க்கரைப் பாகைப் பதம் பார்ப்பது போலப் பார்த்தார். பூசிய பிறகு ஒட்டுவதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது, ஆறிவிடும். புட்டியில் வரும் வெள்ளைப் பசை இந்த அவசரம் எதுவும் இல்லாதது. பெரும்பாலான இளைஞர்கள் அதற்கு மாறிவிட்டார்கள். இவர் மாறாததற்குச் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. வச்சிரம் இறுகினால் கண்ணாடியாகிவிடும், அதிர்வைத் தடுக்காது. நூறு வருடம் கழித்து யாராவது இந்தக் கிட்டாரைப் பழுதுபார்க்க நேர்ந்தால், வெந்நீரும் சூட்டுக்கத்தியும் இருந்தால் போதும், மரம் பிய்யாமல் இணைப்பு விட்டுக்கொடுக்கும்.

எந்த ஊரிலிருந்து வருகிறேன் என்று கேட்டார். தென்னிந்தியா என்றதும் எழுந்து போய் அடுக்கிலிருந்து கிட்டார் முதுகுக்கான ஒரு ஜோடிப் பலகையை உருவினார். கருஊதா நிறம், நெருக்கமான ரேகை. நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் நம் ஈட்டி மரம். எச்சில் தொட்டுத் தேய்த்ததும் நிறம் துலங்கியது. பிரேசில் தன் ரோஸ்வுட்டை மரக்கட்டையாக ஏற்றுமதி செய்வதை 1960-களின் பிற்பகுதியில் நிறுத்தியபோது உலகத்துக் கிட்டார் தொழில் நம் ஈட்டி பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் மாறியது. பிரேசில் மரம் 1992-இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்குப் போனது, புலியும் காண்டாமிருகமும் இருக்கும் பட்டியல் அது. நம் ஊரில் ஈட்டியைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச்சட்டமே இயற்றியது, சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தையும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று.

ஆனால் முன்பெல்லாம் ஃபிளமெங்கோ வாசிப்பவர்களுக்கு இந்தக் கரிய மரம் தேவைப்படவில்லை. அவர்களுடைய பழைய கிட்டாரின் முதுகும் விலாவும் சைப்ரஸ். ஸ்பெயினில் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் மரம் அது, மலிவாகக் கிடைத்தது. வெளிர் மஞ்சள், கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. அறுத்த பக்கத்தை முகர்ந்தால் மிளகும் பிசினும் கலந்த மணம். ஏழைகளின் மரம் என்று எடுத்ததுதான், வெட்டென்று பிறந்து சட்டென்று அடங்கும் அந்த ஒலியைக் கொடுத்தது. நடனக் காலடிகளுக்கு நடுவே கேட்க வேண்டிய ஒலி அது.

அரக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டறையின் மாடியில் மகளின் இடம். கிட்டாருக்கு மெருகேற்றுவது அவர் வேலை. சன்னலோரம் ஒரு கண்ணாடிச் சாடியில் தேன்நிறச் செதில்கள். அவலரக்கு. எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினார், இந்தியா. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் புரசு, இலந்தை, குசும் மரங்களின் கிளைகளில் கோடிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் அரக்குப் பூச்சி, தன் உடலைச் சுற்றிச் சுரக்கும் பிசின் இது. பழங்குடிக் குடும்பங்கள் கிளையை ஒடித்துச் சுரண்டி எடுக்கிறார்கள். கழுவி, உருக்கி, தகடாக இழுத்து, நொறுக்கினால் செதில். இதை ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்குப் பக்கத்தில் 1924-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகை முதல் பத்திரத்து முத்திரை வரை அரக்கை நாம் அறிவோம். கிரானடாவின் ஒரு மாடியறையில் அது கிட்டாரின் தோலாகிறது.

கம்பளிப் பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்த சிறு பொட்டலம் அவருடைய கருவி. சாராயத்தில் கரைத்த அரக்கில் அதை நனைத்து, ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டு, பலகையின் மேல் வட்டம் வட்டமாக, பிறகு எட்டு வடிவில் தேய்க்கிறார். கை ஒரு கணமும் நிற்கக்கூடாது. நின்றால் ஈரத்துணி அடியிலுள்ள பூச்சைக் கரைத்துப் பிய்த்துவிடும். பலகையில் இறங்கும்போதும் விலகும்போதும் கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மரத்தின் நுண்துளைகளை அடைப்பதற்கு எரிமலை நுரைக்கல்லின் தூள். ஒரு நாளில் கொஞ்சம்தான் ஏற்றலாம், மறுநாள் அது உள்ளே இறங்கியிருக்கும். இப்படி வாரக்கணக்கில். முடிவில் கிடைக்கும் படலம் காகிதத்தைவிட மெல்லியது. தொழிற்சாலைகளில் தெளிக்கும் தடித்த பிளாஸ்டிக் பூச்சு நாள்பட உழைக்கும், வியர்வைக்கும் அசையாது. ஆனால் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனமே உள்ள மேல்பலகையின் மீது அந்தக் கனம் ஏறினால் பலகையின் அசைவு கட்டுப்படும். அரக்கு பலகையை அசைய விடுகிறது. அதற்காக வியர்வையில் மங்குவதையும், சாராயத் துளி பட்டால் கரைவதையும் அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

தந்திகளின் கதை சுருக்கமானது. இரண்டாம் உலகப்போர் வரை மேல் மூன்று தந்திகளும் ஆட்டுக்குடல், கீழ் மூன்றும் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றியவை. போரில் குடல் நூல் காயம் தைக்கப் போய்விட்டது. கிரானடாவில் இளமையைக் கழித்த அந்திரேஸ் செகோவியாவும் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டினும் சேர்ந்து நைலானைத் தந்தியாக்கினார்கள். குடல் தந்தி கச்சேரி நடுவே அறுந்துவிடும், மழைநாளில் சுருதி இறங்கிவிடும். திரும்ப அதற்குப் போகச் சொல்லி யாரையும் கேட்க முடியாது.

கிரானடாவிலிருந்து அல்மெரியாவுக்குப் பேருந்து. வலப்பக்கம் சியரா நெவாதாவின் பனி, பிறகு குவாதிக்ஸ் ஊரின் குகை வீடுகள், அதற்கும் பிறகு ஒரு புல்கூட இல்லாத தபெர்னாஸ் மேடுகள். செர்ஜியோ லியோனே தன் கௌபாய் படங்களை எடுத்த பாலைநிலம். கிட்டாருக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் இந்த மரமற்ற மாவட்டத்தில் பிறந்தார் என்பது சன்னல் வழியே பார்க்கும்போதுதான் உறைத்தது.

அந்தோனியோ தெ தோரெஸ், 1817-இல், அல்மெரியாவை ஒட்டிய லா கன்யாதா கிராமத்தில், வரி வசூலிப்பவரின் மகனாகப் பிறந்தார். 12 வயதில் தச்சு பழகப் போனார். செவில்லாவுக்குக் குடிபெயர்ந்து கிட்டார் செய்தார். 1858-இல் அங்கே நடந்த பொருட்காட்சியில் பதக்கம் பெற்றார். உடலைப் பெரிதாக்கினார், மேல்பலகையை மெலிதாக்கினார், அதன் உட்புறம் விசிறி போல ஏழு மெல்லிய தாங்குசட்டங்களை முறைப்படுத்தினார். இன்று உலகில் எங்கே செவ்வியல் கிட்டார் செய்தாலும் அது அவர் வரைந்த உருவத்தின் வழிதான். இவ்வளவும் செய்தவருக்குத் தொழில் சோறு போடவில்லை. 1870 வாக்கில் ஊர் திரும்பி, பீங்கான் பாத்திரக் கடை வைத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் மறுபடி உளி எடுத்து, 1892-இல் இறக்கும்வரை செய்துகொண்டிருந்தார்.

அல்மெரியாவில் அவர் பெயரில் 2013-இல் திறந்த கிட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. கிட்டார் செய்பவரான ஹோசே லூயிஸ் ரொமானில்யோஸ் 1987-இல் தோரெஸின் வாழ்க்கையை நூலாக எழுதினார். தோரெஸ் எப்படிப்பட்ட மரங்களைக் கையாண்டார் என்பது அதில் விரிவாக வருகிறது. மூன்று, நான்கு துண்டுகளை ஒட்டுப்போட்ட முதுகுப் பலகைகள், சாதாரண சைப்ரஸ், மேப்பிள். கையில் காசில்லாத தச்சரின் சிக்கனம் என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கே மெனக்கெட வேண்டும், எங்கே தேவையில்லை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதற்கு அவரே விட்டுச்சென்ற சான்று பார்சலோனாவில் இருக்கிறது. என் பயணத்தின் கடைசி ஊர் அது.

லாவுடிடோரி என்ற இசை அரங்கக் கட்டடத்தில் பார்சலோனாவின் இசை அருங்காட்சியகம். கிட்டார்களுக்கு உலகில் இதைப் போல இன்னொரு தொகுப்பைக் காண்பது அரிது. ஆமையோடும் தந்தமும் முத்துச்சிப்பியும் இழைத்த பரோக் காலத்து வாத்தியங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆமையோடு என்றால் அழுங்காமையின் ஓடு. அது அழிவின் விளிம்புக்குப் போனதில் சீப்புக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் இருந்த பங்கோடு, தந்தி மீட்டும் வில்லைக்கும் ஒரு பங்கு உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் அந்த இழைப்பு மின்னுகிறது. அழகு என்று சொல்லத்தான் வேண்டும். ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்ல வேண்டும்.

அவற்றைத் தாண்டி நான் தேடிவந்தது தோரெஸ் 1862-இல் செய்த கிட்டார். முதுகும் விலாவும் அட்டை. ஆம், காகித அட்டை. மேல்பலகை மட்டும் நல்ல ஸ்புரூஸ் மரம், உள்ளே அவருடைய விசிறிச் சட்டங்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். மரத்தின் ரேகை எதுவும் ஓடாத, மங்கிய மேற்பரப்பு. இடுப்பு வளைவில் அட்டை எப்படித் திரும்புகிறது என்று பார்க்க நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றேன். இது விற்பதற்குச் செய்ததல்ல. கிட்டாரின் குரல் மேல்பலகையிலிருந்துதான் பிறக்கிறது, முதுகு எதுவாக இருந்தாலும் பாதகமில்லை என்று நிறுவுவதற்காகச் செய்தார் என்பதே இதை ஆராய்ந்தவர்களின் கருத்து. காட்டுமரத்துக்குப் பஞ்சம் வராத காலத்தில், எந்தச் சட்டமும் வற்புறுத்தாமல், தானாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்திருக்கிறார் ஒரு தச்சர்.

அவருடைய கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஒரு சோதனை நடந்தது. இங்கிலாந்தில், கிட்டார் செய்பவரான ரோஜர் பக்னால் ஆறு எஃகுத் தந்திக் கிட்டார்களை ஒரே அளவில், ஒரே வகை மேல்பலகையோடு செய்தார். முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், நம் ஈட்டி, மஹோகனி, மேப்பிள், சாப்பெலி, வால்நட். லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 52 கிட்டார் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் அவற்றை வாசிக்கச் சொன்னார்கள். 2018-இல் முடிவு வெளியானது. ஆறுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண். மற்றவற்றைவிடப் பல மடங்கு விலையுள்ள, வணிகம் தடைசெய்யப்பட்ட பிரேசில் மரம் எதிலும் முந்தவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் காதால் பிரித்தறிவதே அவர்களுக்குக் கடினமாக இருந்தது.

இருந்தும் கடைகளில் முதுகு மரத்தின் பெயரைச் சொல்லித்தான் விலை வைக்கிறார்கள். வாங்குபவர்களும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஊர் திரும்பியதும் என் மகளுக்கு ஒரு கிட்டார் வாங்க வேண்டியிருக்கிறது. மேல்பலகை ஒரே மரத்தில் அறுத்ததா, ஒட்டுப்பலகையா; மேருவும் குதிரைத்துண்டும் எலும்பா, பிளாஸ்டிக்கா; பூச்சு எவ்வளவு கனம் என்று கடைக்காரரைக் கேட்பேன். முதுகு என்ன மரம் என்று கேட்க மாட்டேன். அவர் தானாகச் சொன்னால், தோரெஸின் அட்டையைப் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டும்.